நான்கு பூநாரைகள் போட்ட திரைச்சீலை

புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவரின் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். கூடத்து ஜன்னலில் நான் வரைந்த திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சித் தெளிவின் நிறத்தில் பருத்தித் துணி. நடுவில் நான்கு பூநாரைகள், அவற்றின் காலடியில் கொஞ்சம் தண்ணீர், உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடி ஒரு கொத்து. அவ்வளவுதான். சுற்றிலும் முக்கால்வாசித் துணி சும்மா கிடக்கும். தண்ணீரின் கோடுகள் ஓரத்துக்குப் போகப் போக மங்கி, ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதை வரைந்தது நான் என்று தெரியாது. பார்க்கும்போதே மனது அமைதியாகிவிடுகிறது என்று சொன்னார். நான் சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன்.

எங்கள் யூனிட்டில் அதுவரை எந்த டிசைனும் அப்படி விற்றதில்லை. எல்லோரும் அமைதி அமைதி என்று சொல்கிறார்களே, அது என் அக்காவின் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த விதம். அவளுக்கு எதெல்லாம் தெரியாமல் போனதோ அதையெல்லாம் நான் காலி இடமாக விட்டேன். காலி இடம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது பெரிய முதலியார்சாவடியில், வீட்டு உபயோகத் துணிகளுக்கு அச்சுப் போடும் ஒரு சின்ன யூனிட்டில். திரைச்சீலை, குஷன் உறை, படுக்கை விரிப்பு, சாப்பாட்டு மேஜை விரிப்பு இவைதான் எங்கள் சரக்கு. முதலாளி ஒரு அம்மாள். மேடம் என்போம். டிசைன் போடுவது நான் ஒருத்தி. அச்சுப் போடுவது கோட்டக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பாய். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் துபாயில். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று வாரம் தவறாமல் போனில் சண்டை போடுவார்கள். பாய் சரி சரி என்று கேட்டுக்கொண்டு மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

துணிக்கு டிசைன் போடுவதும் படம் வரைவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். படம் வரைகிறவருக்குத் தாள் முடிந்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் தலைவலி ஆரம்பம். வலது ஓரத்தில் பாதி இலை போனால் மீதிப் பாதி இடது ஓரத்தில் வந்து நிற்க வேண்டும். மேலே முடிகிற கொடி கீழே தொடங்குகிற கொடியோடு சேர வேண்டும். அப்போதுதான் அச்சுச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து நூறு மீட்டர் அடித்தாலும் ஒட்டுத் தெரியாமல் ஓடும். ரிப்பீட் என்போம். எனக்கு நடுப்பகுதி நன்றாக வரும். ஓரம் வராது. படித்த காலத்திலிருந்தே வராது. ஓரத்தைச் சேர்க்க உட்கார்ந்தால் ரப்பரைத் தேய்த்துத் தேய்த்துப் பட்டர் பேப்பர் கிழியும், அப்புறம் கையில் அகப்பட்டவர் மேல் எரிந்து விழுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. மாமா சென்னையில் கட்டட வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, நீளக் கம்பில் மாட்டிய பலகையால் உப்பை வாரிக் கரையேற்றி, வெயில் உச்சிக்கு வருமுன் வேலை முடிந்துவிடும். கைகால் கழுவி வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்குப் போன் போடுவாள். நான் பொம்மையார்பாளையத்தில் வீடு எடுத்துத் தங்கிய நாளிலிருந்து இந்தப் பழக்கம். என்ன குழம்பு, யார் வீட்டில் சண்டை, மாமா பணம் அனுப்பினாரா என்று பத்து நிமிஷம் ஓடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், மேடம் என் டிசைன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மயிலா, எல்லாரும் போடுறாங்க. மாங்காயா, வேண்டாம். தாமரை, வாழையிலை, எதுவுமே வேண்டாம். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் இயற்கையிலிருந்து எடுத்ததாகக் கேட்கிறார்கள், ஆனால் எங்கேயும் பார்த்ததாக இருக்கக் கூடாது, உங்கள் ஊரில் கடலும் உப்பளமும் கழுவெளிச் சதுப்பும் இருக்கும்போது நீ ஏன் வாழையிலையைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்றார். மரக்காணத்துக்குப் போய்ப் போனில் நிறையப் படம் எடுத்து வந்து அதைப் பார்த்து வரைந்தேன். போட்டோ மேல தாள் வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு என்று அதையும் தள்ளிவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அன்று மதியம் அக்கா போன் செய்தபோது அவள் குழம்பைப் பற்றிப் பேசக்கூட விடாமல், இப்போது உன் எதிரில் என்ன இருக்கிறது சொல் என்றேன். வெயிலில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டு அவள் சொல்ல ஆரம்பித்தாள். நேற்று விட்ட தண்ணீர் வெந்தயம் ஊறிய தண்ணீர் போல இருக்கிறது. அடுத்த பாத்தி முற்றிப்போய், சிவப்புத் தாவணி அலசிய மூன்றாவது தண்ணீர் நிறத்தில் இருக்கிறது, நாளைக்கு உப்புக் கட்டும். வரப்பில் ஈர மண்ணில் தன் காலடி, அதன்மேல் ஒரு நண்டு போன தடம். பக்கத்து வரப்பில் மூன்று பொம்பளைகள் கூடையோடு போகிறார்கள். அந்தப் பக்கம் லாரி நிற்கிறது, அதற்கும் அந்தப் பக்கம் பனந்தோப்பு. நான் கையில் கிடைத்த நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அவள் சொன்ன நிறங்களை அப்படியே கலந்தேன். வெந்தயத் தண்ணீர், தாவணித் தண்ணீர், காய்ந்த சேறு. பாத்தியும் வரப்புமாகக் கட்டம் கட்டமாக ஓடும் டிசைன் ஒன்று வந்தது. ஓரம் சேர்க்க மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று. மேடம் முதல்முறையாக நல்லாருக்கு என்றார்.

அதற்குப் பிறகு அதுவே என் வேலை முறையாகிவிட்டது. அக்கா சொல்வாள், நான் எழுதுவேன், எழுதியதிலிருந்து வரைவேன். நேரில் போனால் எல்லாம் கண்ணில் விழுந்து எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாது. அவள் சொல்லும்போது பாதி வேலை முடிந்தே வரும். உப்பளத்திலேயே கிடக்கிறவள் கண்ணில் படாதது என் கண்ணில் படப்போகிறதா என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அக்காவுக்கும் அது பிடித்திருந்தது. சில நாள் அவளே, இன்னைக்கு உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன் என்று ஆரம்பிப்பாள்.

எப்போதிலிருந்து அவள் சொல்வது குறைய ஆரம்பித்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வரப்பு முழுக்க மூக்குத்திப்பூ பூத்திருக்கிறது என்று சொல்கிறவள், ஒரு செடி பூத்திருக்கிறது என்றாள். பக்கத்தில் என்ன என்று கேட்டால் பக்கத்தில் ஒன்றுமில்லை, வெளிச்சம்தான் என்றாள். எல்லாமே கழுவி விட்டாற்போல வெளுத்துக் கிடக்கிறது என்றாள். நான் நிறங்களை ஒரு படி குறைத்தேன். அந்த வருஷம் பார்த்து வெளிறிய நிறங்களுக்குத்தான் மவுசு. மேடம் என்னைத் தட்டிக்கொடுத்தார். எனக்கோ அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு ஒன்று. நடுவில் ஒரு செடி, சுற்றிலும் வெறும் துணி என்றால் ஓரம் சேர்க்கவே வேண்டாம். ஒன்பது நாள் வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. பூநாரை டிசைன் அப்படித்தான் வந்தது. ஒரு மாசி மாதத்து மதியம் அக்கா சொன்னதை நோட்டில் வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

"நேரா நாலு நாரை நிக்குதுடி. காலு தண்ணியில. கீழ ஒரு உமரிச் செடி. சுத்தி ஒண்ணும் இல்ல, வெறும் வெளிச்சந்தான்."

இதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. அக்காவுக்கு எதை விட வேண்டும் என்று தெரிகிறதே, நாலு வருஷம் படித்த எனக்கு இது வரவில்லையே என்று நினைத்தேன். அன்று மாலையே வரைந்து முடித்தேன். மேடம் அதைச் சுவரில் ஒட்டிவைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மட்டும் முதல் மாதிரி அடித்த அன்று துணியைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, நல்லாத்தாம்மா இருக்குது, ஆனா குழாய் வழியா எட்டிப் பாக்குற மாரி ஒரு அடைப்பா இருக்குது என்றார். அச்சுப் போடுகிறவருக்கு டிசைன் பற்றி என்ன தெரியும் என்று நான் மனதுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அக்கா அடிக்கடி விழுந்தாள். வரப்பிலிருந்து பாத்திக்குள் சறுக்கினாள். வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளில் முட்டிக்கொண்டாள். தண்ணீர்க் குடத்தின் மேல் காலை வைத்து முழங்காலில் தோல் உரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. சேறு வழுக்கிவிட்டது, எவனோ சைக்கிளைக் குறுக்கே விட்டுவிட்டான். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கண் கூசுவது புதிதில்லை. அரை நாள் வெள்ளையையே பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு எங்கே என்று தெரியச் சற்று நேரமாகும். அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அக்காவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பாத்தியெல்லாம் காலுக்கே பழக்கம் என்பதால் வேலையிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்? சைக்கிளில் முட்டிக்கொண்ட கதையைச் சொன்னபோது, கண்ணு பொடனியிலயா இருக்குது என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, போகமாட்டேன் என்கிறது.

பூநாரைத் துணிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. நாள் முழுக்க அச்சு ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் அக்காவை யூனிட்டுக்கு வரச் சொன்னேன். உன் வாயிலிருந்து வந்த நாரை மேஜை முழுக்க நிற்கிறது, வந்து பார் என்றேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கொடுக்க ஒரு பையில் கருவாடு கட்டிக்கொண்டு வந்தாள். கருவாட்டு வாசத்துக்கு மேடம் மூக்கைப் பொத்திக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் அச்சு மேஜை நீளமானது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தால் நாற்பது எட்டு இருக்கும். அன்று மேஜை முழுக்கத் துணி விரித்து ஒட்டி, பாதிக்குமேல் அடித்து முடித்திருந்தார்கள். அக்கா மேஜையின் நடுவில் போய் நின்று பார்த்தாள். தன் நேர் எதிரில் இருந்த நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்குதுடி, இவ்ளோதானா துணி, நீளமா ஓடுதுன்னு சொன்னியே என்றாள். எனக்குப் புரியவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து, நடந்து பாருக்கா என்றேன். அவள் பக்கவாட்டில் திரும்பி இரண்டு எட்டு வைத்தாள். மேஜைக் காலோரம் வைத்திருந்த சாயப் பக்கெட்டில் கால் இடறி, தடுமாறி மேஜையைப் பிடிக்கப் போனவள் ஈரத் துணியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிவிட்டாள். பக்கெட் கவிழ்ந்து தாவணித் தண்ணீர் நிறச் சாயம் தரையெல்லாம் ஓடியது. மேஜைமேல் ஏழெட்டு மீட்டர் வீண்.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. இவ்வளவு பெரிய பக்கெட் தெரியவில்லையா, பார்த்து நடக்கத் தெரியாதா, என் மானத்தை வாங்கவா வந்தாய் என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். துணி மடிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா சாயம் பட்ட கைகளைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய பிள்ளைபோல் நின்றாள்.

பாய் ஒரு பழந்துணியை எடுத்து வந்து அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் நீட்டினார். அவள் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். வாங்கவில்லை. மூக்குக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான் அவள் கை நீண்டது. பாய் அதே துணியின் இன்னொரு துண்டை மறுபக்கம் கொண்டுபோய் ஆட்டினார். அக்கா எதிரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்காவத் திட்டாதம்மா. ரெண்டு பக்கமும் பார்வ இல்ல அவங்களுக்கு. எங்க வீட்டம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, நாங்க லேட்டாப் பாத்தோம். நாளைக்கே கூட்டிட்டுப் போ."

மறுநாள் புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னும் நோய் என்றார்கள். வலி இருக்காது. சிவக்காது. ஓரத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டே நடுவுக்கு வரும். இல்லாத இடம் கறுப்பாகத் தெரியாது, அது வெறுமனே இல்லாமல் போகும் என்பதால் நோயாளிக்கே தெரியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு கிண்ணம்போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளிச்சப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. அக்காவின் விரல் சும்மா இருந்தது. எப்போதோ ஒருமுறை அமுக்கினாள். வெளியே வந்து என் காதில், மெஷின் ரிப்பேர் போல, எப்பவாச்சும்தான் லைட் வருது என்று சொன்னாள்.

அந்தப் பரிசோதனையின் முடிவைத் தாளில் அடித்துக் கொடுத்தார்கள். ஓரமெல்லாம் கறுப்பு. நடுவில் சிறிதாக ஒரு வெளுத்த இடம், அதன் விளிம்பு மங்கி மங்கிக் கறுப்போடு கலந்திருந்தது. நான் வாழ்நாளில் பாதியைத் தாளில் உருவங்களைப் பார்த்தே கழித்தவள். அந்த வெளுத்த இடத்தின் வடிவத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாரையும் தண்ணீரும் உமரியும் நிற்கிற இடத்தை அதன்மேல் வைத்தால் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போனது போனதுதான், திரும்பாது, மீதியைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். அக்கா யோசித்து, ஆறு மாசமா இருக்கும் என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து என் நோட்டுகளை எடுத்துத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். ஆறு மாதம் இல்லை. மூன்று வருஷம். முதல் பக்கங்களில் பொம்பளைகள், லாரி, பனந்தோப்பு, நண்டுத் தடம் எல்லாம் இருந்தன. பக்கத்து வரப்பில் கூடையோடு போகிறவர்கள் முதலில் காணாமல் போனார்கள். பிறகு லாரி. அதற்கப்புறம் தோப்பு. பக்கத்துப் பாத்தியின் நிறத்தை அவள் கடைசியாகச் சொன்னது எந்தப் பக்கத்தில் என்றுகூட என்னால் காட்ட முடியும். எந்த டாக்டரிடமும் இல்லாத கணக்கு என் கையெழுத்திலேயே இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் டிசைன் குறிப்பு எழுதியிருந்தேன். நல்ல காலி இடம். இன்னும் குறைக்கலாம். அபாரம். அபாரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அக்கா உப்பளத்துக்குப் போவது நின்றது. மேஸ்திரி வரப்பில் இறங்க விடவில்லை. மாமா சென்னை வேலையை விட்டுவிட்டு மரக்காணத்தில் மூட்டை ஏற்றப் போகிறார். மதியப் போன் நிற்கவில்லை, ஆனால் நான் எதையும் கேட்பதில்லை. என்ன குழம்பு, மருந்து விட்டாயா, அவ்வளவுதான். ஒருநாள் அவளே, ஏண்டி, இப்பல்லாம் ஒண்ணும் கேக்க மாட்ற என்றாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேடத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. போன வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டு, பூநாரைத் துணி வாங்கிய அதே பையர் அதன் தொடர்ச்சியாக இன்னொன்று கேட்கிறார், படுக்கை விரிப்புக்கும் உறைக்கும் சேர்த்து ஒரு செட், அதே கை, அதே காலி இடம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்து பத்து நாள் வெறும் தாளின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு வரவில்லை. காலி இடத்தைப் பார்த்தாலே அங்கே யாரோ இருந்து போனதுபோல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூநாரைத் துணியில் ஒரு ஜன்னல் அளவு எடுத்துக்கொண்டு மரக்காணம் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். மருந்து விட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தவளை எழுப்பி உட்கார வைத்து, துணியை மடியில் விரித்து, சொன்னேன். நோட்டைப் பற்றி, காலி இடத்தைப் பற்றி, ஓரம் சேர்க்க வேண்டியதில்லை என்று நான் சந்தோஷப்பட்டதைப் பற்றி. விற்ற பணத்தில் எனக்குச் சம்பளம் கூடியதையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே அழுதேன். அவள் அழவில்லை. துணியை முகத்துக்கு நேரே தூக்கி, தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு நாரையாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தாள்.

"மொத்தம் நாலுதான் போட்டிருக்கியா?" என்றாள்.

"நீ நாலுன்னுதானேக்கா சொன்ன."

"எனக்குத் தெரிஞ்சது நாலு. சொன்னேன். மாசி மாசத்துல அங்க எத்தினி நிக்கும்னு உனக்குத் தெரியாதாடி? நீயும் இங்க பொறந்தவதான."

எனக்குத் தெரியும். மாசியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும். அந்த மாசியிலும் அக்காவைப் பார்க்க ஈசிஆர் பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். உப்பளத்தைத் தாண்டும்போது பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. இளஞ்சிவப்பாக, எண்ண முடியாமல், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றன. நானும் பார்த்தேன். பிறகு யூனிட்டுக்குப் போய் நான்கு நாரைகளின் மாதிரித் துணிக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டேன். நாலு அழகாக இருந்தது.

"தெரியும்க்கா" என்றேன்.

"அப்ப ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், எங்களுக்குள் அதுதான் வழக்கம். அவள் துணியின் ஓரம் எங்கே இருக்கிறது என்று கையால் தடவித் தேடி, நாலாக மடித்து, என் மடியில் வைத்தாள்.